மடுத் தண்ணியும் பல்லுசெட்டும்

டூங்கபி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் நொயல் வணக்கத்துடன் எழுதுவது. போன் எடுத்தால் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைக் கிழிப்பதற்காவது கையில் எடுக்க வேண்டுமல்லவா, அதுதான் எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ் வாத்தியாருக்கும் எனக்கும் பள்ளிக்கூடத்திலேயே ஒத்துவரவில்லை.

உங்கள் பேத்தி டில்ஷா சுகம். நேற்று வாசலில் கழற்றி வைத்த என் சப்பாத்துக்குள் சோற்றைக் கொட்டி வைத்திருந்தாள்.

உங்கள் பல்லுசெட்டைப் பிரிஜ்ஜுக்கு அடியிலிருந்து எடுத்துவிட்டேன். நடுவில் வெடித்திருக்கிறது. என் கைமுட்டியிலும் அதன் அடையாளம் உண்டு. கடிச்சது அப்பாவோ பல்லோ என்று உங்கள் மகள் அஞ்சலீனா கேட்டாள். அன்றைக்குப் பிறகு அவள் என்னோடு விட்ட முதல் பகிடி அதுதான்.

அன்றைக்கு நீங்கள் இங்கே வந்திருந்தபோது, பிள்ளை காய்ச்சலோடு உங்கள் மடியிலேயே விறைத்தாள். கண் செருகி, கைகால் அடித்து அடித்து இழுத்து, உதடு நீலமாகியது. நான் பயப்படவில்லை என்று நினையாதீர்கள். கால்சட்டை நனையாதது மாதாவின் புண்ணியம்.

வேலைத்தலத்து முதலுதவி வகுப்புக்கு நான் போனது இலவசப் பீட்சாவுக்காக. தலையில் நின்றது கொஞ்சம்தான்: நிலத்தில் ஒருக்களித்துக் கிடத்த வேண்டும், அமுக்கிப் பிடிக்கக் கூடாது, வாய்க்குள் எதுவும் வைக்கக் கூடாது, நேரம் பார்க்க வேண்டும். ஐந்து நிமிசம் தாண்டினாலும், முதல் தடவையென்றாலும் அம்புலன்ஸ். குசினி மணிக்கூடு ஓடுவதில்லை. அஞ்சலீனாதான் போனில் நேரம் பார்த்து அம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

நான் கிடத்திய பிள்ளையின் பல்லை நீங்கள் கரண்டியால் நெம்பி, மடு மாதா கோயில் தண்ணியை வாயில் ஊற்றப் போனீர்கள். விடுங்கோ மாமா, புரைக்கேறும் என்று கத்தினேன். தள்ளினேன். என் தொண்டையைப் பிடித்தீர்கள். அவள் வாயில் ரத்தத்தைக் கண்டதும் உங்கள் முகத்தில் ஓங்கிக் குத்தினேன். அலுமாரியில் மோதி விழுந்தீர்கள். தண்ணிப் போத்தல் நொறுங்கியது.

நான் மாதாவுக்குக் கை நீட்டினேன் என்று உங்கள் ஸ்பிரிங்வேல் ஆட்களுக்கு முழுக்கச் சொல்கிறீர்களாம். நான் கரண்டிக்குத்தான் அடித்தேன் மாமா. பின்னால் நீங்கள் இருந்தீர்கள்.

அம்புலன்ஸ் வரமுதலே இழுப்பு நின்று அவள் தூங்கிவிட்டாள். காய்ச்சலால் சின்னப் பிள்ளைகளுக்கு வருவது, பெரும்பாலும் கெடுதல் செய்யாது, வளர வளர விட்டுப்போகும், ஆனால் அடுத்த காய்ச்சலிலும் வரலாம் என்று டொக்டர் சொன்னார்.

நேற்று மாமி போனில் அழுதுகொண்டு உங்கள் மூத்த மகன் எறிக்கைப் பற்றிச் சொன்னா. சண்டைக்குள் இடம்பெயர்ந்து போன வழியில், காய்ச்சலோடு இப்படித்தான் இழுத்து, உங்கள் மடியிலேயே போய்விட்டானாம். டொக்டர் இல்லை, மருந்து இல்லை. உங்களிடம் இருந்தது அந்தத் தண்ணி மட்டும்தானாம். பல்லுக் கடிபட்டிருந்ததால் அதையும் பருக்க முடியவில்லையாம்.

எனக்குத் தெரியாது மாமா. தெரிந்திருந்தாலும் அடித்துத்தான் இருப்பேன். ஆனால் பிறகு உங்களை நிலத்திலிருந்து தூக்கிவிட்டிருப்பேன்.

வாருங்கள், இன்னொரு போத்தல் மடுத் தண்ணியும் கொண்டுவாருங்கள். புதுப் பல்லுசெட் என் பொறுப்பு. இனி ஒருதரம் அவளுக்கு வந்தால், நான் ஒருக்களித்துக் கிடத்துகிறேன். நீங்கள் அந்தத் தண்ணியைத் தொட்டு நெற்றியில் சிலுவை போடுங்கள். வாயில் வேண்டாம். நெற்றியில் எத்தனை தரமும் போடலாம்.

உங்களிடம் ஓர் அடி வாங்கக் கன்னத்தைக் காட்டியபடி,
மருமகன் நொயல்.