நாளைக்கு உங்கள் இலையில் வைக்கும் கறி

என் தங்க அப்பா,

நாளை உங்களுக்கு முதல் வருடப் படையல். சித்தப்பா பூச்சோங்கிலிருந்து வந்து ஒரு காட்டுப்பன்றித் தொடையைக் கொடுத்துவிட்டுப் போனார், செம்பனைத் தோட்டத்தில் அவரே துப்பாக்கியால் சுட்டது. அம்மா அதைப் புளியும் மிளகும் போட்டு ஊறவைத்திருக்கிறார். உங்களுக்குப் பிடித்த மாதிரியேதான். எல்லாரும் தூங்கிவிட்டார்கள். நான் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

அப்பா, அந்தக் கறியைத் தம்பி தருண் சாப்பிடக் கூடாது. இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

நம் வீட்டு விளையாட்டு நினைவிருக்கிறதா? பன்றிக்கறி சாப்பிடும்போது யார் பல்லில் துப்பாக்கிக் குண்டு கடிபடுகிறதோ, அவர்தான் அன்றைக்கு ராஜா. ராஜா தட்டுக் கழுவ வேண்டாம். நீங்கள் கைதட்டுவீர்கள். எல்லாரும் துப்பிய குண்டுகளைத் தருண் காயா ஜாம் போத்தலில் சேர்த்துவைத்தான். நீங்கள் போன பிறகு அந்தப் போத்தலை அவன் யாரையும் தொட விடுவதில்லை.

போன மாதம் வேதியியல் டீச்சர் ஈயத்தைப் பற்றிச் சொன்னார். குண்டு எலும்பில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத துகளாகச் சிதறுமாம். குண்டைத் துப்பிவிட்டால் மட்டும் போதாதாம். புளிப்பில் ஊறினால் இன்னும் கரையுமாம். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் மூளையில் அதிகக் கெடுதலாம். கேள்வி கேட்கக் கையைத் தூக்கினேன். பிறகு மெதுவாக இறக்கிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தபோது கேட்டேன்.

“சித்தப்பா, ஈயம் இல்லாத குண்டு கிடைக்காதா?”

“கிடைக்கும்லா, இரும்புக் குண்டு. என் பழைய துப்பாக்கியில அதப் போட்டா குழல் கீறிப் போயிரும். புதுசு நீ வாங்கித் தர்றியா?”

“ஈயம் உடம்புக்கு ஆகாதுன்னு டீச்சர் சொன்னாங்க.”

“உங்கப்பா முப்பது வருஷமா சாப்பிட்டாரும்மா. லோரி இடிச்சுத்தான் போனாரு. ஈயமா இடிச்சுச்சு?”

அவர் சிரித்தார். அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். நான் பேச்சை விட்டுவிட்டு அம்மாவுக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன்.

ஆனால் இன்று சாயங்காலம் சித்தி, கறியை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டே அம்மாவிடம் மெதுவாகச் சொன்னதைக் கேட்டேன். “அக்கா, நாளைக்கு என் மருமகளுக்கு மட்டும் கோழி ஆக்கிருங்க. மாசமா இருக்கா.” அம்மா ஏன் என்று கேட்டார். “பன்னி சூடுலா,” என்று சொல்லிவிட்டுச் சித்தி சித்தப்பாவைப் பார்த்தார். அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெறும் சூடுதானா அப்பா? அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாதது தருணுக்கு மட்டும் எப்படி ஆகும்?

எனக்கு இப்போது எல்லார் மேலும் சந்தேகம். உங்கள் மேலும்தான். குண்டு பட்ட இடத்தைச் சுற்றி நீங்கள் நிறையச் சதையை வெட்டி எறிவீர்கள். “கசக்கும்மா” என்பீர்கள். கசப்புக்காகத்தான் எறிந்தீர்களா? கடைசி மாதங்களில் உங்களுக்கு ஓயாமல் தலைவலி. தெரிந்த வழியையே இரண்டு முறை மறந்துபோனீர்கள். அந்த லோரியை நீங்கள் பார்த்தீர்களா?

தருணுக்கு அடிக்கடி வயிற்று வலி. முகம் வெளுத்துக் கிடக்கிறது. கிளினிக்கில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். கேட்கவில்லை. மூன்று நாளைக்கு முன்னால் அவன் தூங்கும்போது கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. விரலை விட்டு எடுத்தேன். சின்னப் பட்டாணி அளவில் ஒரு குண்டு. அதில் பல் பதிந்த தடம் இருந்தது.

காலையில் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“எதுக்குடா வாயில வச்சுக்கிட்டுத் தூங்குற?”

“அது அப்பா குண்டு, அக்கா. வச்சா அப்பா கனவுல வராரு.”

“முழுங்கியிருக்கியா?”

“கொஞ்சம்தான். அம்மாட்ட சொல்லாத. சொன்னா போத்தல தூக்கிப் போட்டுருவாங்க.”

ஆறு வயது அப்பா அவனுக்கு. சொல்ல மாட்டேன் என்று தலையாட்டிவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. மூன்று நாளாகப் போத்தல் என் பள்ளிப் பைக்குள் ஒளிந்திருக்கிறது. அவன் வீடெல்லாம் தேடுகிறான்.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். செத்துப்போன அப்பா மேல் பழி போடுகிறாளே என்பார்கள். படையல் சோற்றை வேண்டாம் என்று சொல்பவளை இந்தக் குடும்பம் எப்படிப் பார்க்கும்? அதைவிட, ஊசி போட்டு இரத்தம் எடுத்துப் பார்த்து நான் நினைத்தது உண்மையாக இருந்துவிட்டால், அம்மா உங்கள் படத்தை எப்படிப் பார்ப்பார்? அதுதான் எனக்குப் பயம்.

ஆனாலும் நாளைக்குச் சொல்லப் போகிறேன். அம்மா உங்கள் இலையில் கறியை வைக்கட்டும். அது உங்களுக்கு. நீங்கள் சாப்பிட்டால் இனி எந்தக் கெடுதலும் இல்லை. தருண் இலையில் வைக்க வரும்போது என் கையைக் குறுக்கே நீட்டுவேன். காயா போத்தலை எல்லார் முன்னாலும் திறந்து காட்டுவேன். திங்கட்கிழமை கிளினிக்கில், இவன் எதை முழுங்கினான் என்று நானே டாக்டரிடம் சொல்வேன். இது சத்தியம் அப்பா. நீங்கள் என் மேல் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. உங்கள் கோபத்தை என்னால் தாங்க முடியும்.

முதலில் தருணுக்கு அக்கா,
பிறகுதான் உங்கள் மகள்,
யாழினி