சுண்டெலி ஒளிச்சு வச்ச கணக்கு

மார்ச் 3, செவ்வாய்

இல்ல சாமி, நீயே சொல்லு, நான் சொன்னதுல என்ன தப்பு? கீழ்வீட்டுக்காரி படிக்கட்டுல தம்பி மகள, நம்ம சுண்டெலிய நிறுத்தி, முப்பத்தேழ பதினாறால பெருக்குடின்னா. இது செருப்ப மாட்டிக்கிட்டே ஐந்நூத்தித் தொண்ணூத்திரெண்டுங்குது. ஏழு வயசு! கேட்டவ வாயப் பொளந்துட்டா. சாயங்காலமே பிள்ளைக்குக் காய்ச்சல், உடம்பு அனலாக் கொதிக்குது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க. மடியில போட்டுக்கிட்டுச் சொன்னேன்: "தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருடி தங்கம்." ஏதோ முனகுனா. பினாத்துறான்னு ஈரத்துணிய மாத்திப் போட்டேன்.

மார்ச் 5, வியாழன்

காய்ச்சல் விட்டுடுச்சு. நீ கைவிடல.

மார்ச் 10, செவ்வாய்

இந்த மாதிரி கெட்டிக்காரப் பிள்ளைங்களுக்குன்னு தனி வகுப்பு இருக்காம். அதுக்கு இன்னிக்குப் பரீட்சை. தம்பி பொண்டாட்டி ஒரு வருஷமா இதுக்குத்தான் காத்துக் கெடந்தா. "வகுப்புல அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டு மீதி நேரம் சுவரப் பாத்துட்டு உக்காந்திருக்கா அண்ணி. பள்ளிக்கூடமே வேணாம்னு அழறா." அவ ஆஸ்பத்திரி நர்ஸ். டியூட்டிக்குப் போற அவசரத்துலயும் மகளுக்குப் பென்சில் சீவி வச்சிட்டுப் போனா.

மார்ச் 12, வியாழன்

டீச்சர் கூப்பிட்டாங்க. தம்பியும் நானும் போனோம், பிள்ளையும் கூட.

முட்டை. நாப்பதுக்கு ஒண்ணுமில்ல.

"ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை இருக்கு. கண்ண மூடிக்கிட்டுக் குறிச்சாக்கூட பத்து விடையாச்சும் சரியா விழுந்திருக்கும். எல்லாம் தெரிஞ்சவதான் எல்லாத்தையும் தப்பாப் போட முடியும். வீட்டுல யாராச்சும் ஏதாவது சொன்னீங்களா?"

தம்பி திருதிருன்னு முழிக்கிறான். ஊரு கதையெல்லாம் பேசுற என் வாய், இதுக்குத் தொறக்கல.

வெளிய வந்ததும் சுண்டெலி என் முந்தானைய இழுத்து, காதுல சொல்லுது: "ஒண்ணுகூடக் காட்டிக்கல அத்தை. நல்லா ஒளிச்சேன்ல?"

மார்ச் 13, வெள்ளி

ராத்திரி பூரா பொரண்டேன். கும்புட உக்காந்தா உன் மூஞ்சியப் பாக்க முடியல. காப்பி போட்டுக் குடுத்துட்டுத் தம்பிகிட்டச் சொல்லிட்டேன். டம்ளரக் கீழ வச்சான். "நீ பயந்து சொன்னதுதான் அக்கா. ஆனா இத நீதான் டீச்சர்கிட்டச் சொல்லணும்."

சொன்னேன். டீச்சர் திட்டல. அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு. திங்கக்கெழம திரும்ப எழுதட்டும்னாங்க.

மார்ச் 16, திங்கள்

பென்சிலையே தொடல. என்னயப் பாக்குறா. "போட்டா திரும்பக் காய்ச்சல் வருமே அத்தை."

"வந்தா வரட்டும்டி. ஈரத்துணி போட நான் இல்லையா? அத்தை தெரியாம சொல்லிட்டேன். ஒண்ணு விடாமப் போடு."

இருபது நிமிஷம். முப்பத்தொன்பது சரி. இன்னொண்ணுக்குப் பக்கத்துல 'கேள்வியே தப்பு'ன்னு எழுதி வச்சிருக்கு, கழுத. டீச்சர் போட்டுப் பாத்தாங்க. கேள்வி தப்புதான்.

மார்ச் 24, செவ்வாய்

புது வகுப்புல ரெண்டாவது நாள். பையத் தூக்கிப் போட்டுட்டு ஓடி வந்து, "அங்க ஒரு அக்கா என்னவிட வேகம் அத்தை, நான் தோத்துட்டேன்"னு சொல்லிச் சொல்லிச் சிரிக்குது. தோத்துட்டு வந்து இப்படிச் சிரிக்கிற பிள்ளைய நான் பாத்ததில்ல. கீழ்வீட்டுக்காரி கேட்டா, நானே சொல்லிட்டேன், எங்க பிள்ளை கெட்டிக்காரின்னு. நீ பாத்துக்க.

விளக்க ஏத்தும்போதுதான் ஞாபகம் வருது சாமி. அன்னிக்குக் காய்ச்சல்ல அவ பினாத்தல. கேட்டா.

"எத்தன நாளைக்கு அப்படி இருக்கணும் அத்தை?"ன்னு.