பதினான்காம் பத்தி

திண்டுக்கல்,
ஜூன் 24.

அன்பு மகள் நஸீராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் பேகம்பூர் வீட்டில் அம்மாவும் நானும் சுகம். பர்மிங்காமில் நீயும் பேத்தி தாஹிராவும் அவ்வாறே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ கேட்ட பிரமாணப் பத்திரத்தின் அசல் தபாலில்தான் வர வேண்டும். அதோடு, போனில் என்னால் சொல்ல முடியாத ஒன்றும் இருக்கிறது.

நீதிமன்ற உத்தரவின் நகலை நீ அனுப்பிய அன்றே மூன்று முறை படித்தேன். தாஹிராவை இருபத்தொரு நாள் இந்தியாவுக்கு அழைத்து வர உனக்கு அனுமதி. அவள் குறித்த நாளில் அங்கே திரும்பிவிடுவாள் என்று நான் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனைக்குக் காரணம் பதினான்காம் பத்தியில் இருக்கிறது. குழந்தையை இந்தியாவிலேயே வைத்துக்கொள்ளும்படி யாராவது சொன்னார்களா என்று நீதிபதி கேட்டதாகவும், "என் தகப்பனார் சொன்னார், அவர் வழக்கறிஞர், நான் மறுத்துவிட்டேன்" என்று நீ பதில் சொன்னதாகவும் பதிவாகியிருக்கிறது. அது உண்மை. நீயும் சிக்கந்தரும் பிரிந்து, பிள்ளை யாரிடம் என்ற வழக்கு நடந்துகொண்டிருந்த சென்ற ஜனவரியில், "புள்ளையத் தூக்கிட்டு வந்துரும்மா, மத்ததை இங்க வச்சுப் பாத்துக்கிருவோம்" என்று நான்தான் சொன்னேன். இவ்வாறு கொண்டுவரப்படும் குழந்தைகளைத் திருப்பி அனுப்பும் சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை என்பதைத் தெரிந்துகொண்டே சொன்னேன். தெரியாமல் சொல்லியிருந்தால் பிழை. தெரிந்து சொன்னது அதைவிட மோசம். கடைசியாகக் கைக்குழந்தையாகப் பார்த்த பேத்திக்கு ஆறு வயதாகிவிட்டது என்பது விளக்கமாகலாம், நியாயமாகாது. "உங்க கட்சிக்காரர் மகளுக்கும் இதத்தான் சொல்வீங்களா அத்தா" என்று நீ கேட்டாய். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இன்று பதில் எழுதுகிறேன்: சொல்லியிருக்க மாட்டேன்.

அம்மாவுக்கு அந்தப் பத்தியைத் தமிழில் படித்துக் காட்டினேன். "பெத்த அத்தாவையே கோர்ட்டுல மாட்டிவிட்டுட்டாளே" என்றாள். பிறகு, "நான் வளத்த புள்ளைல்ல, பொய் வராது" என்று சேர்த்துக்கொண்டாள். குமாஸ்தா பழனிக்குமாரோ, "முப்பத்தெட்டு வருஷத்துல இப்பத்தான் சார் நம்ம பேரு சீமைக் கோர்ட்டு உத்தரவுல வந்துருக்கு, என்ன, குத்தவாளிப் பக்கமா வந்துருச்சு" என்றான். சிரித்துவிட்டேன். ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்தது பதினைந்தாம் பத்தியை. தனக்கு எதிராகப் போகக்கூடியதையும் மறைக்காத தாயின் சொல்லை நம்பலாம் என்று நீதிபதி எழுதியிருக்கிறார். என் தொழிலில் எத்தனையோ உத்தரவுகளைப் படித்திருக்கிறேன் நஸீரா. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வைத்தது இது ஒன்றுதான்.

நானே நோட்டரி என்றாலும் என் கையெழுத்துக்கு நானே முத்திரையிட முடியாது. ஆகவே நோட்டரி பாஸ்கலிடம் போய் மற்றவர்களோடு வரிசையில் நின்றேன். "வாசிச்சுப் பாத்துட்டுத்தான போடுறீங்க" என்று, நான் எல்லாரிடமும் கேட்கும் கேள்வியை அவர் என்னிடம் கேட்டார். வாசித்தேன். குறித்த நாளில் குழந்தை திரும்பாவிட்டால், அவளை அனுப்பக் கோரி அவள் தகப்பன் இங்கே தொடரும் வழக்கை எதிர்க்க மாட்டேன் என்ற வரியை யாரும் கேட்கவில்லை, நானே சேர்த்தேன்.

உத்தரவின் சான்றிட்ட நகலைக் கைப்பையில் வை, பெட்டியில் போடாதே. தாஹிரா தினமும் சிக்கந்தரோடு பேச வேண்டும். அழைப்பை நானே போட்டுக் கொடுக்கிறேன். பெரியகுளத்தில் அவன் பெற்றோரிடமும் இரண்டு நாள் அவளை விடுவோம். உத்தரவில் அது இல்லை. இருந்தாலும் செய்ய வேண்டியது. அம்மா சின்னாளப்பட்டியில் சுங்குடித் துணி எடுத்துப் பேத்திக்குப் பாவாடை தைக்கக் கொடுத்திருக்கிறாள். அளவு தெரியாமல் டெய்லரோடு சண்டை, உடனே அளவு அனுப்பு.

நீங்கள் வரும் ஜூலை 26-ஐ அம்மா காலண்டரில் வட்டமிட்டுவிட்டாள். திரும்பும் ஆகஸ்ட் 16-ஐ நான் என் வழக்கு டைரியில் எழுதியிருக்கிறேன். அன்று மதுரை விமான நிலையத்துக்கு உங்களை அழைத்துப் போவது நான்தான். அந்த ஒரு தேதிக்கு மட்டும் வாய்தா கேட்க மாட்டேன். கேட்கத் தோன்றினால் பதினான்காம் பத்தியை எனக்கு வாசித்துக் காட்டு.

இறைவன் உன்னையும் குழந்தையையும் காப்பானாக. உன் வாக்கு என்றும் இப்படியே நிற்கட்டும். அசல் கைக்கு வந்ததும் ஒரு வரி தெரிவி.

உன் அத்தா,
அ. அப்துல் ஹக்கீம்