கடலை வண்டியில் இறங்கிய வால்நட்சத்திரம்

மாப்பிள்ளை,

பசுந்தாங் ஓடைமீது ஆணையாகச் சொல்கிறேன்: இனி நான் எழுதப்போவதை ரங்கூனில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நம்பச் சொல்லி நானும் யார் காலிலும் விழப்போவதில்லை. கேட்கவேண்டிய நீயோ போய்ச் சேர்ந்துவிட்டாய். நடுவே குறுக்குக் கேள்வி போட உன்னால் முடியாது. கதை சொல்கிறவனுக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்?

இன்று காலை மில் வாசல் ஓரத்தில் நிற்கும் உன் வண்டியில் என் தங்கை மணலைச் சூடேற்றி முதல் ஈடு கடலையை வறுத்தாள். வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். உன் காலத்தில் அந்த வாசனைக்கு ஆற்றில் போன கப்பல்கள் திசை திரும்பின. அக்கரைக் கியாக்தானில் வலை வீசியவர்கள் வலையை அப்படியே விட்டுவிட்டுப் படகைத் திருப்பினார்கள். இதெல்லாம் உலகறிந்த சங்கதி.

ஆனால் உனக்குப் பேர் வாங்கித் தந்தது கடலை அல்ல, காகிதம். சீமைக்குத் திரும்பவிருந்த மரக் கம்பெனிச் சின்னத் துரை வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். பொட்டலம் மடிக்க ஆகுமென்று நீ ஒரு பெட்டி பழங்காகிதம் எடுத்தாய். திறந்தால் அத்தனையும் துரையின் தாத்தா கடிதங்கள்! அந்தத் தாத்தா போன நூற்றாண்டில் இங்கிலாந்தில் வானசாஸ்திரி. அவர் எழுதியவற்றின் நகலும் வந்த பதில்களும் கட்டுக்கட்டாக இருந்தன.

மில்லில் கணக்கெழுதும் கிராணியான நான் முதல் பொட்டலத்துக் கடலையைத் தின்றுவிட்டுக் காகிதத்தைப் படித்தேன். ஒரு வால்நட்சத்திரத்தை முதலில் கண்டது யார் என்று தாத்தாவுக்கும் இன்னொரு சாஸ்திரிக்கும் சண்டை. இதைத் தமிழில் சொன்னதுதான் தாமதம், மூட்டை தூக்குகிறவர்கள் வண்டியை மொய்த்துக்கொண்டார்கள்.

"அப்புறம் என்னாச்சு, கிராணியாரே?"

அன்றோடு நீ அந்தக் கடிதங்களில் பொட்டலம் மடிப்பதை நிறுத்தினாய். "கதை முடியட்டும், பெறவு மடிப்போம்" என்றாய். மில் சங்கு ஊதியதும் நாளுக்கு ஒரு கடிதம். லத்தா தெரு வரைக்கும் கூட்டம் நின்றது. பக்கத்தில் மொகிங்கா என்னும் மீன்குழம்புச் சேமியா விற்கும் பர்மாக்காரி டோ மியா, அந்த இன்னொரு சாஸ்திரிக்காக வாதாடும் எதிர்க்கட்சிக்குத் தலைவி.

"ஒங்க தாத்தா பொய்யி! நல்லா தூங்கிட்டு, பாத்தேன் சொல்றான்!" என்பாள்.

கடைசிக் கடிதத்தில் வந்தது வினை. காகிதத்தை மிச்சம்பிடிக்க, தாத்தா குறுக்கே எழுதி முடித்த பக்கத்தைத் திருப்பிவைத்து அதன்மேலேயே நெடுக்காகவும் எழுதியிருந்தார். பாய் முடைந்த மாதிரி கிடந்தது. வானத்தையே வளைத்துப் பார்த்த மனிதருக்கு இன்னொரு தாள் கிடைக்கவில்லை! என் இங்கிலீஷ் அங்கே படுத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் துரை வந்து குதித்தார். பெட்டி தவறிப்போய் ஏலத்துக்குப் போய்விட்டதாம், உடனே வேண்டுமாம். நான்தான் நடுவில் மொழிபெயர்ப்பு.

"தவறிப் போச்சுன்னா கேக்கணும், பிடுங்கப்படாது. கேட்டா பெட்டியோட தருவேன்" என்றாய்.

துரைக்கு முகம் சிவந்தது. சொல்லவேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கு இந்த வண்டி இந்த ஓரத்தில் நிற்காது என்றார். தங்கை உன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"குடுத்துத் தொலைங்களேன்! இந்த வண்டிதானே நமக்குச் சோறு?"

நீ வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாய்.

"மச்சான், தொரைட்ட சொல்லு. கடேசி லெட்டர் எங்களுக்குப் படிக்கத் தெரியல. அவுக தாத்தா எழுத்து அவுகளுக்குத்தான் புரியும். எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிச்சுட்டுப் பெட்டியச் சும்மாவே எடுத்துட்டுப் போகட்டும். படிக்காம ஒரு தாளு நகராது."

இதை நான் பாண்டியன் சபையில் நின்று முழங்குகிற தோரணையில் மொழிபெயர்த்தேன். பத்தாயிரம் பேர் மூச்சை அடக்கினார்கள். ஓடைத் தண்ணீரே நின்றது. டோ மியா தன் குட்டி முக்காலியைக் காலால் தள்ளினாள்.

"உக்காரு தொரே. நின்னு படிச்சா கழுத்து வலிக்கும்."

துரை உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் காதைத் தொட்டன. காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் படித்தார். எதிரிக்குத் தாத்தா எழுதியிருந்தது இதுதான்: 'நாம் அடித்துக்கொண்டிருக்கும்போதே வால்நட்சத்திரம் நம் இருவரையும் கேட்காமல் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாரும்.'

முதலில் சிரித்தது துரை. பெட்டி போயிற்று. வண்டி அதே ஓரத்தில் நின்றது.

இன்று அதே ஓரத்தில் மில்லின் புது மானேஜர் மோட்டார் நிறுத்தவேண்டுமாம். வண்டியைத் தள்ள மத்தியானம் ஆள் அனுப்பினார். தங்கை என்னைப் பார்த்தாள். நான் அவர் மில்லில் சம்பளம் வாங்குகிற கிராணி. எழுந்துபோய் நீ பிடித்த இடத்திலேயே கைப்பிடியைப் பிடித்தேன். "கேக்கணும், பிடுங்கப்படாது" என்றேன். ஆட்கள் மானேஜரிடம் சொல்லப் போயிருக்கிறார்கள். ஒரு கையில் பிடியும் மறுகையில் பேனாவுமாக, கடலைத் தட்டின்மேல் காகிதத்தை வைத்து இதை எழுதுகிறேன்.

கப்பல் திரும்பியதையும் ஓடை நின்றதையும் பத்தாயிரம் பேரையும் யார் வேண்டுமானாலும் தள்ளுபடி செய்துகொள்ளட்டும். ஒரு சின்ன விஷயம் மட்டும் சத்தியம், மாப்பிள்ளை. அன்றைக்குக் கைப்பிடியைப் பிடித்திருந்த உன் கை வெடவெடவென்று நடுங்கியது. பக்கத்தில் நின்ற நான் மட்டும் பார்த்தேன். நீ கையை எடுக்கவில்லை.

என் கையும் நடுங்குகிறது. எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.