இரண்டாவதாக எழுதிய பள்ளி

தாம்பரம்
12.6.2004

அன்புள்ள ஜென்சிக்கு,

நீயும் குழந்தையும் சுகம்தானே? அவனுக்குச் சளி விட்டதா? கோபத்தைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆசிரியர் இடமாற்றப் பட்டியலில் என் பெயர் இல்லை. விருப்பப் படிவத்தில் முதலில் நம் ஊர்ப் பள்ளியையும் இரண்டாவதாகப் பக்கத்து ஊரான சந்தையடியின் பள்ளியையும் எழுதியிருந்தேன். நம் ஊரில் இருந்த ஒரே இடம் பணியில் என்னைவிட மூத்தவருக்குப் போனது, அது நியாயம். ஆனால் சந்தையடியை என்னைவிட நான்கு வருடம் இளையவனான தனசிங்குக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அலுவலகத்தில் போய்ச் சண்டை போட்டேன். "அவரு அத ஃபர்ஸ்டா எழுதிருக்காரு சார். நீங்க செகண்டா போட்டீங்க. ஃபர்ஸ்டா கேட்டவங்களுக்குக் குடுத்தப்புறம்தான் உங்க பேரையே பார்ப்போம்" என்றார் கிளார்க்.

தனசிங்குக்கும் நம் ஊர்தான் ஆசை. கிடைக்காது என்று கணக்குப் போட்டு, அதை எழுதாமலே விட்டுவிட்டான். மனதில் இருப்பதை வரிசையாக எழுதுங்கள் என்று படிவத்தில் போட்டிருந்ததை நம்பிய முட்டாள் நான்தான்.

குழந்தையின் போட்டோ ஒன்று அனுப்பு. என் போட்டோவை அவனுக்கு தினமும் காட்டு. போன முறை என்னைப் பார்த்து அழுதான்.

அடுத்த வருடப் படிவத்தில் நம் ஊரின் பெயரே இருக்காது; பக்கத்தில் கிடைக்கக்கூடிய ஒரு பள்ளியைத்தான் முதலில் எழுதுவேன். வருத்தப்படாதே. உங்களிடம் வந்து சேர வேறு வழியில்லை.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

ஆபேல்