நீர்மூழ்கிக் கப்பலில் உன் தங்கைக்கு நடந்தது

ஆம்பூர்,
வியாழக்கிழமை

அன்பு மகன் நெல்வினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் பஹ்ரைனில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்கு மூட்டுவலி கம்மி, உன் தங்கை ஜெமிக்கு நெற்றியில் தையல், எனக்குக் கோபத்தைத் தவிர வேறு வியாதி இல்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், முழுக்கப் படி.

நம் மாப்பிள்ளை, உன் தோஸ்த் டேனியல், முந்திக்கொண்டு உனக்கு போன் போட்டு, ஷூ கம்பெனி டூரில் ஜெமி கப்பல் படியில் வழுக்கி விழுந்தாள் என்றானாமே. அவள் விழுந்த இடத்தில் படியே கிடையாதுடா. வீட்டு ஆட்களும் வரலாம் என்றதால் நானும் கூடத்தான் போயிருந்தேன். விசாகப்பட்டினத்தில் கரையேற்றி, ஜனங்கள் பார்க்க வைத்திருக்கிறார்களே பழைய நீர்மூழ்கிக் கப்பல், அதற்குள் வரிசையாகப் போனோம். உள்ளே ரெண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது, எங்கே திரும்பினாலும் இரும்புக் குழாய், சக்கரம். ஒரு மாலுமி பொம்மைக்கு நிஜ பூட்ஸ் மாட்டி நிறுத்தியிருந்தார்கள். ஜெமிக்கு நாளெல்லாம் செக்கிங் டேபிளில் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. அந்த ஸ்டிக்கர் தாள் எப்போதும் அவள் கைப்பையில் கிடக்கும். பூட்ஸில் தையல் விட்டிருந்தது, கை தன்னால் போய் அம்பை ஒட்டிவிட்டது. கூட வேலை செய்கிற ஷஹீன் பானு, இன்னாடி கப்பலையே ரிஜெக்ட் பண்ணிட்டியா என்று கேட்க, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காவலாளி, தொடக் கூடாது என்று அதட்டினார். அதோடு முடிந்திருக்க வேண்டியது.

மேனேஜர் பார்த்துவிட்டாராம், சூப்பர்வைசர் டேனியலுக்கு மானம் போய்விட்டதாம். ஓங்கி அறைந்தான். அவள் தலை, அறைக்கு அறை குனிந்து நுழைகிற வட்டக் கதவின் இரும்பு விளிம்பில் மோதிப் பிளந்தது. விழுந்தவளை முடியைப் பிடித்துத் தூக்கி, அதே இரும்பில் மறுபடியும் இடித்தான் பாவி, மறுபடியும்! ரத்தம் வழிந்து அவள் கண்ணே தெரியவில்லை. முன்னாலும் பின்னாலும் வழியில்லாமல் எல்லாரும் அலறுகிறார்கள். நான் ஸ்டீல் தண்ணி பாட்டிலால் அவன் முகத்தில் அடித்தேன், மூக்கு உடைந்தது. அப்போதும் முடியை விடவில்லை. மணிக்கட்டைக் கவ்விக் கடித்தேன், என் வாயில் ரத்தம் உப்புக் கரித்த பிறகுதான் விட்டான். ஜெபம் பண்ணுகிற வாயால் கடித்தேன் நெல்வின், எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. இது முதல் தடவை இல்லை என்று ஆஸ்பத்திரியில்தான் சொன்னாள். முதுகைக் காட்டினாள், பெல்ட் கொக்கி பட்ட தழும்புகள், பெற்றவள் பார்க்கக் கூடாத முதுகு.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டரும் சபை மூப்பர்களும் சமாதானம் பேசி அவளை அவனோடு அனுப்பிவைக்க வருகிறார்கள். அப்பாவோ, நெல்வின் பாத்து முடிச்ச எடம், அவன் இன்னா சொல்றானோ அதான் என்று உட்கார்ந்துவிட்டார். நீ என்னடாவென்றால், டேனியல் நல்லவன்தாம்மா, அவளை அட்ஜஸ்ட் பண்ணிப் போகச் சொல்லு என்று மெசேஜ் போடுகிறாய்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலையைக் காயவிடாதே. உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அப்பாவிடம் பேசு, மறக்காதே. உன் மெசேஜை நான் ஜெமிக்குக் காட்டவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம், அண்ணன் இன்னா சொல்லுச்சும்மா என்று கேட்கிறாள். டியூட்டியில் இருக்கிறான் என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளிடம் காட்டுகிற மாதிரி வேறொன்று அனுப்புடா.

உன் அம்மா,
பொன்மலர்