குதிரை எப்படி நகரும்?

ஞாயிறு, இரவு

இன்று ஊத்துக்குளி செஸ் போட்டியில் முதல் சுற்றில் ஜெயித்தேன்.

எதிரே உட்கார்ந்தவன் தென்காசிப் பக்கத்துத் தம்பி, பனியன் கம்பெனியில் டெய்லர். அவனுக்கு இதுதான் முதல் போட்டி. நான் பதினெட்டு வருடமாக ஆடுகிறேன். பாதி ஆட்டத்தில் குதிரையை எடுக்கக் கையை நீட்டினேன். அது எப்படி நகரும் என்று எனக்குத் தெரியவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் பலகையையே பார்த்தபடி இருந்தேன்.

அவன் முகம் வெளிறிப்போனது. "பெருசா என்னமோ வச்சிருக்கீய அக்கா, எனக்குப் பிடிபடல. நான் தோல்விய ஒத்துக்கிடுதேன்" என்று கை கொடுத்தான். சுற்றி நின்றவர்கள் என்னைப் பாராட்டினார்கள்.

வெளியே வந்து தண்ணீர் குடித்த பிறகுதான் குதிரையின் நகர்வு நினைவுக்கு வந்தது. அடுத்த சுற்றுக்கு இருக்கப் பயந்து பஸ் ஏறிவிட்டேன்.

"ஏனு, ஜெயிச்சுப்போட்டு பாதியிலயே வந்துட்ட?" என்றார் கணவர்.

"தலவலிங்க" என்றேன்.

என் அம்மாவுக்கும் ஐம்பது வயதுக்கு முன்பே இப்படித்தான் ஆரம்பித்தது. அடுப்பை எப்படி அணைப்பது என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். கடைசியில் நான் யாரென்றே கேட்டாள்.

காலையில் அவரிடம் சொல்லிவிட வேண்டும். அதற்குள் இதுவும் மறந்துபோனால் என்ன செய்வது என்றுதான் எழுதி வைக்கிறேன்.